புதுப்பிப்பு: ஸ்கேனர் இப்போது வானிலைச் செய்தியில் சிக்குவதில்லை

சியாட்டிலில் என் யூனிடென் பிசி125ஏடி (பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடி, பேச்சு வரும் இடத்தில் நிற்கும் ரேடியோ ஸ்கேனர்) வானிலை அறிக்கையிலேயே நின்றுவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. 162.550 மெகாஹெர்ட்ஸ் போன்ற வானிலை அலைவரிசைகளில் 24 மணி நேரமும் பேச்சு ஓடுகிறது. ஓய்வே இல்லாததால் ஸ்கேன் அங்கிருந்து நகரவில்லை. அவற்றை லாக்அவுட் செய்ததும், அதாவது ஸ்கேன் தாண்டிப் போகும்படி விலக்கியதும், சரியாகிவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினேன். மொத்தம் 500 சேனல், வங்கிக்கு (சேனல் தொகுப்புக்கு) 50 வீதம் 10 வங்கி. முதலாவது விமானத்துக்கு, அதில் ஏஎம் (விமானப் பேச்சு ஒலிபரப்பாகும் முறை) கட்டாயம். இரண்டாவது கப்பல்களுக்கு: கப்பல்களின் பொது அழைப்புக்கான 16ஆம் கடல் சேனல் 156.800, கப்பல் போக்குவரத்துக்கு 156.700. மூன்றாவது ரயில். தேவையான வங்கியை மட்டும் திறந்து வைப்பதால் சுற்று சீக்கிரம் முடிகிறது.

டிலேயை (பேச்சு நின்ற பிறகும் அதே சேனலில் காத்திருக்கும் நேரத்தை) 2 நொடியாக்கியதுதான் பெரிய மாற்றம். கேப்டன் கேட்பதும் பதிலும் இப்போது சேர்ந்தே கேட்கின்றன. நேற்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.