‘ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்’: திரும்பத் திரும்ப வரும் அசைவில் எதைப் பார்ப்பது?

கேள்வி:
பெல்ஜியத்தின் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1983இல் அமைத்த இந்த நடனத்தின் திரைப்பட வடிவத்தை அண்மையில் பார்த்தேன். நான்கு பெண்கள் நாற்காலியில் அமர்ந்து, தலைமுடியைக் கோதுவது, கால்மேல் கால் போடுவது, தோளில் சட்டையைச் சரிசெய்வது என்று, அன்றாடம் நாம் கவனிக்காமலே செய்கிறவற்றை ஓயாமல் செய்கிறார்கள். சலிப்புத் தட்டியது, ஆனாலும் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. இந்தச் சலிப்பு வேண்டுமென்றே உண்டாக்கப்படுவதா?

பதில் 1:
ஆம் என்றே நினைக்கிறேன். அசைவுகள் மிகச் சில. அவை வரும் வரிசையும், யார் யாரோடு சேர்ந்து செய்கிறார்கள் என்பதும்தான் மாறிக்கொண்டிருக்கின்றன. நால்வரும் ஒன்றாக இயங்குகையில் ஒருத்தி மட்டும் விலகிச் சும்மா இருப்பதையும், பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் மீண்டும் இணைந்துகொள்வதையும் கவனியுங்கள். நாற்காலி அவர்களுக்கு ஓர் எல்லை. அதற்குள் இருந்துகொண்டே ஒருவர் எவ்வளவு முரண்டு பிடிக்க முடியும் என்பதுதான் எனக்கு இதில் சுவையான பகுதி. தியரி டி மே, பீட்டர் வெர்மீர்ஷ் ஆகியோரின் இசை நடனத்தோடு கூடவே உருவானது என்பதால், எது எதைத் துரத்துகிறது என்று சொல்வது கடினம்.

பதில் 2:
மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். மேடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதை, தியரி டி மே 1997இல் இயக்கிய படம் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. அதனால் ஆடுபவர்களின் உண்மையான களைப்பு, அதாவது ஒரே அசைவு நேரம் செல்லச் செல்லக் கனத்துப்போவது, படத்தொகுப்பில் பெருமளவு காணாமல் போகிறது. முதல் பகுதியில் இசையே கிடையாது. தரையில் புரண்டு படுக்கும் உடல்களின் ஓசையும் மூச்சும் மட்டும் கேட்கும். அந்த நீண்ட மௌனத்தைப் பொறுத்துக்கொண்டவருக்கே நாற்காலிப் பகுதியின் வேகம் முழுதாக உறைக்கும். படத்துக்கென்று ஒரு நயம் இருப்பதையும் மறுக்கவில்லை: லூவன் நகரில், ஹென்றி வான் டி வெல்டே வடிவமைத்த பழைய பள்ளிக் கட்டடத்தில் எடுத்திருப்பதால், கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் வேறு சிலர் அதே அசைவைச் செய்வது தெரிகிறது.

பதில் 3:
நாற்காலிப் பகுதியை யார் வேண்டுமானாலும் கற்று ஆடிப் படம்பிடித்து அனுப்பலாம் என்று 2013இல் டி கீர்ஸ்மேக்கரின் நடனக் குழுவான ரோசாஸே இணையத்தில் அழைப்பு விடுத்து, படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் காணொளிகளையும் வெளியிட்டது. அவற்றைப் பார்த்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். தலையைக் கோதுவது எளிது. அதை எந்த எண்ணிக்கையில் நிறுத்த வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.