பொருள்: மாநிலங்களுக்கு எம்.பி. இடங்களைப் பிரிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

சாயல்குடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். குடிமையியல் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பது ஒன்று, மாநிலத்துக்குள் தொகுதி எல்லைக் கோட்டை மாற்றிப் போடுவது வேறொன்று. இரண்டையும் 'தொகுதி மறுவரையறை' என்றே எழுதுகிறோம். 1967இல் நம் இடங்கள் 41இலிருந்து 39 ஆனது முதல் வகை. 2008இல் எங்கள் கடலாடி சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போனது இரண்டாம் வகை. சட்டமன்ற இடங்கள் மொத்தம் 234 அப்படியேதான் இருந்தது. "2026 வரைக்கும் நிறுத்தி வச்சிருக்குன்னீங்களே சார், அப்ப கடலாடி எப்படிப் போச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நிறுத்தியது எண்ணிக்கையை, 2001 அரசியலமைப்புத் திருத்தம் எல்லைக் கோட்டை மாற்ற வழி விட்டிருந்தது. முதல் வகைக்குத் 'தொகுதிப் பங்கீடு' சரியா?

தொண்டியிலிருந்து:
வேண்டாம் ஐயா. தொகுதிப் பங்கீடு என்றால் கூட்டணிப் பேச்சுவார்த்தை. 'இட ஒதுக்கீடு' என்றால் சமூகநீதி. கைக்கு எட்டும் இரண்டு சொல்லும் வேறு வேலைக்குப் போய்விட்டன. 'காத்த வகுத்தலும் வல்லது அரசு' (குறள் 385) இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்? தொகுத்தது தொகுதி, வகுப்பது வகுப்பு. பகு, வகு இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு: பகிர், பால், பாதி, வகிர், தலைவகிடு, நுகத்தடியின் நடுவில் நிற்கும் பகலாணிகூட. 'இடவகுப்பு' என்று வையுங்கள்.

மண்டபத்திலிருந்து:
அண்ணே, அதை 'வகுப்புவாரி' என்றுதான் படிப்பார்கள். எங்கள் கரையில் வந்து பாருங்கள். கரைவலை இழுத்து மீனை மணலில் கொட்டியதும் வலைக்கு இவ்வளவு, வள்ளத்துக்கு இவ்வளவு, இழுத்த ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பார்கள். 'இடப் பங்குவைப்பு' என்றால் என் அம்மாவுக்கும் விளங்கும்.

கீழக்கரையிலிருந்து:
'மறுவரையறை'யும் எனக்கு உறுத்துகிறது. வரையறை என்றால் இலக்கணம் சொல்வதும்தானே? 'மறுசீரமைப்பு' அதைவிட மோசம். பழையது சீர்கெட்டிருந்தது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்கிறது. இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் இருக்கின்றன. அது சீரா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது வாக்காளர், கலைச்சொல் அல்ல. 'எல்லை மறுவரைவு' போதும்.

சாயல்குடியிலிருந்து:
இன்று வியாழன். எண்ணிக்கைக்கு 'இடப்பகிர்வு', கோட்டுக்கு 'எல்லை மறுவரைவு'. பெரும்பாலோர் சம்மதித்துவிட்டார்கள். மண்டபத்து அம்மாவின் பங்குவைப்பை எடுத்துக்காட்டாகப் பாடத்திலேயே சேர்த்துவிட்டேன்.

தொண்டியிலிருந்து:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். பகிர்வது உடையவர் மனம் வைத்துக் கொடுப்பது. எம்.பி. இடம் யாரும் கொடுப்பதல்ல, தலைக்கணக்கால் வருவது. கூடியவரை எல்லா மாநிலத்துக்கும் ஒரே விகிதம் என்கிறது அரசியலமைப்பு. வகுத்தால் மீதி விழும், அந்த மீதி யாருக்கு என்றும் கேட்டாக வேண்டும். 'பகிர்வு' என்று படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராது. அடுத்த பதிப்பின்போது மறுபடியும் எழுதுவேன்.