நாவல் தொடங்கவே பதற்றமா இருக்கு, திட்டம் எவ்வளவு போடணும்?

மைக்கூடு:
சிறுகதை எழுதிப் பழக்கம் உண்டு. நாவலுக்குக் கரு இருக்கு, நாலு பாத்திரங்கள் இருக்காங்க, நோட்டு நிறையக் குறிப்பும் இருக்கு. ஆனா முதல் அத்தியாயத்துக்கு உட்கார்ந்தாலே பதற்றம். ரெண்டு பக்கம் எழுதுறேன், திருத்துறேன், அழிக்கிறேன். முழுக் கதையையும் திட்டம் போட்டுட்டுத்தான் தொடங்கணுமா?

வரிக்குதிரை:
அந்த அழிக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். கதை எங்கே முடிகிறது என்று தெரிந்த பிறகே அது எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியும். முதல் அத்தியாயம் எப்படியும் மாறப்போகிறது, அதை இப்போதே மெருகேற்றுவது வீண் உழைப்பு. முதல் வரைவு முடியும்வரை பின்னால் போகாதீர்கள். பாதியில் நாயகியின் தொழிலை மாற்றத் தோன்றினால், "இனி இவள் செவிலி" என்று ஓரத்தில் குறித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்பதுபோல மேலே எழுதுங்கள். தகவல் தெரியாத இடத்தில் ××× போட்டு நகருங்கள். பிறகு தேடி எடுப்பது சுலபம்.

திட்டத்துக்கு ஒரு பக்கம் போதும்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார், முடிவில் எங்கே நிற்பார். அதோடு அடுத்த 5 காட்சிகள், காட்சிக்கு 2 வரி. முதல் வரி என்ன நடக்கிறது. இரண்டாவது, காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது. இரண்டாவது வரி எழுத வரவில்லையென்றால் அந்தக் காட்சி இன்னும் தயாராகவில்லை. எழுத உட்கார்ந்ததும் கை நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான், திறமைக் குறைவால் அல்ல.

ஏடு:
அளவு தெரியாததும் பயத்துக்கு ஒரு காரணம். 60,000 சொல் நாவல், காட்சிக்கு 1,200 சொல் என்றால் மொத்தம் 50 காட்சிகள். நாளுக்கு 400 சொல், வாரம் 5 நாள் எழுதினால் 30 வாரம். ஒரே மாதத்தில் 50,000 சொல் என்ற சவாலோடு தொடங்காதீர்கள். அதற்கு நாளுக்கு 1,667 சொல் வேண்டும். இரண்டு நாள் தவறினாலே பாக்கி மலைபோல் நிற்கும். ஆங்கிலக் கணக்கையும் அப்படியே எடுக்க வேண்டாம். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே காட்சிக்குச் சொற்கள் குறைவாகவே வரும்.

கரிக்கோல்:
வரிக்குதிரை சொல்வதில் ஒரு விலக்கு உண்டு. துப்பறியும் கதை, இரண்டு காலங்களில் நடக்கும் கதை என்றால் ஒரு பக்கம் போதாது. 40ஆம் காட்சியில் அவிழும் முடிச்சுக்கு 6ஆம் காட்சியில் தடயம் வைத்திருக்க வேண்டும். பாத்திரங்களின் பிறந்த ஆண்டு, சம்பவ ஆண்டு இரண்டையும் ஒரு அட்டவணையில் போட்டுவிடுங்கள். வயது முரண்படுவது பிறகு தெரிந்தால் பல காட்சிகளைப் பிரிக்க வேண்டிவரும்.

மைக்கூடு:
குடும்பக் கதைதான், ஒரே காலம். தன்மையா படர்க்கையான்னு முடிவாகல. முதல் காட்சியும் பிடிபடல.

கரிக்கோல்:
ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் 300 சொல் எழுதிப் பாருங்கள். நாயகிக்குத் தெரியாத விஷயம் வாசகருக்குத் தெரிந்தாக வேண்டுமென்றால் படர்க்கையே வசதி. தொடக்கக் காட்சி பிடிபடவில்லையா? மனதில் தெளிவாகத் தெரியும் ஏதாவது ஒரு சண்டைக் காட்சியை முதலில் எழுதுங்கள். அன்றன்று நிறுத்தும்போது காட்சியை முடிக்காமல், அடுத்த வரி தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் வெற்றுப் பக்கத்தோடு உட்கார வேண்டியிருக்காது.