எச் பைலோரி போய்விட்டது, அழற்சி மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி:
எண்டோஸ்கோபியில் எச் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருக்கிறது என்றார்கள். 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸ், ஒரு வேளைகூட விடாமல் முடித்தேன். ஆறு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. சரி, தொல்லை ஒழிந்தது என்றிருந்தால், எட்டு மாதம் கழித்து எடுத்த பயாப்ஸியிலும் (இரைப்பையில் துண்டு எடுத்துப் பார்ப்பது) 'நாள்பட்ட இரைப்பை அழற்சி' என்றே இருக்கிறது. கிருமியே இல்லாத வயிறு யாரோடு சண்டை போடுகிறது?

பதில் 1:
ரிப்போர்ட்டில் 'ஆக்டிவ்' என்ற சொல் இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இருந்தால்தான் அப்படி எழுதுவார்கள், கிருமி ஒழிந்தால் அவை சில வாரங்களிலேயே கிளம்பிவிடும். லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்ற மற்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அப்படியில்லை. இந்தத் தொற்று பெரும்பாலும் சின்ன வயதில் ஒட்டிக்கொள்வது, அதனால் அவை வருடக்கணக்காக அங்கே குடியிருந்தவை, மெல்லத்தான் குறையும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார், பத்தே நாளில் அழற்சி வந்துவிட்டது. வருவதற்கு அவ்வளவு வேகம், போவதற்குத்தான் மனசு வராது!

பதில் 2:
மூச்சுப் பரிசோதனைக்கு முன் அமிலம் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்தினீர்களா? நான் நிறுத்தவில்லை, யாரும் சொல்லவுமில்லை. கிருமி இல்லை என்று வந்ததை நம்பி நாலு மாதம் சும்மா இருந்தேன், மறுபடி பார்த்தால் அது அங்கேயேதான் இருந்தது. இதற்குத் தரும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான கிளாரித்ரோமைசினுக்கு மசியாத ரகங்கள் நிறைய உண்டு. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதும் வீண், கிருமி செத்த பிறகும் அது ரொம்ப நாள் பாசிட்டிவ் காட்டும்.

கேட்டவர்:
நிறுத்தியிருந்தேன். 'ஆக்டிவ்' என்று இல்லை. ஆனால் கீழே 'இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா' என்று ஒரு வரி இருக்கிறது, அதுவும் அழற்சிதானா?

பதில் 3:
இல்லை. நீண்டகால அழற்சியில் இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப் போல மாறிவிடுவது அது. அழற்சி தணிந்தாலும் இது பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை. பயப்பட வேண்டாம், இது உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வரை போகிறது, கிருமியை ஒழித்ததால் உங்களுக்கு அந்த அபாயம் இன்னும் குறைந்திருக்கும். ஆனால் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஆன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) மட்டுமா, கார்பஸிலுமா (நடுப்பகுதி)? இரண்டிலும் இருந்தால் 3 வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்வது வழக்கம்.

கேட்டவர்:
ஆன்ட்ரம் என்று மட்டும் போட்டிருக்கிறது. கார்பஸில் துண்டு எடுத்தார்களா என்றே எழுதவில்லை. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.