சுவர்ப் படத்தில் 1,500 கிலோமீட்டர், இணையத்தில் 380. எது சரி?

பட்டர்வொர்த்காரன்
பையனுக்குப் பூகோளப் பாடத்தில் ஒரு வேலை. கனடாவின் வடகோடியில் இருக்கும் ரெசலூட், கிரைஸ் ஃபியோர்ட் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே விமான தூரம் எவ்வளவு என்று எழுத வேண்டும். சாலையே கிடையாதாம். வீட்டுச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ரூலர் வைத்தான். கேஎல் (கோலாலம்பூர்) விமான நிலையத்திலிருந்து பினாங்கு விமான நிலையம் 8 மில்லிமீட்டர், அங்கே 38. நம்முடையது 325 கிலோமீட்டர் என்றால் அது 1,540 வருகிறது, ஆனால் இணையத்தில் பார்த்தால் 380 தான். நானும் ரூலர் வைத்துப் பார்த்துவிட்டேன், அதே 38.

செந்தூல் அக்கா
தம்பி, பையன் சரியாகத்தான் அளந்திருக்கிறான், படம்தான் அப்படி. மெர்கேட்டர் முறைப் படமாக இருக்கும். ஒரு தம்புன் பம்ளிமாஸை உரித்துப் பாருங்கள், சுளை நடுவில் அகலமாக இருந்து காம்புப் பக்கம் ஒடுங்கிவிடும். தீர்க்கரேகைகளும் அப்படித்தான், நம் பக்கம் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், அந்த ஊர்கள் இருக்கும் 75, 76 பாகை வட அட்சரேகையில் ஏறக்குறைய 28. அந்தப் படமோ எல்லாச் சுளையையும் மேல்வரை ஒரே அகலத்துக்கு இழுத்து, அப்புறம் உருவம் கோணாமல் இருக்க உயரத்தையும் அதே அளவு இழுத்துவிடுகிறது. அங்கே நான்கு மடங்கு. 1,540ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள்.

பட்டர்வொர்த்காரன்
385! அக்கா, அந்த நான்கு எங்கிருந்து வந்தது? டீச்சர் கேட்பார்.

செந்தூல் அக்கா
கால்குலேட்டரில் 75.5க்கு கோசைன் போடச் சொல்லுங்கள், 0.25 வரும். ஒன்றை அதால் வகுத்தால் நான்கு.

மீரி மச்சான்
கேஎல்–பினாங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் நம் ஜெட் மாதிரி நினைத்துவிடாதீர்கள். கிரைஸ் ஃபியோர்டில் இருப்பது மலையடிவாரத்தில் அரை கிலோமீட்டர் சரளைக்கல் ஓடுபாதை, ட்வின் ஆட்டர் போன்ற சின்ன விமானம்தான் இறங்கும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும், மூடுபனி என்றால் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இங்கே சரவாக் மலைப்பகுதியில் இருக்கும் பாரியோவுக்கு நான் அதில் போயிருக்கிறேன். மூட்டையோடு ஆளையும் தராசில் ஏற்றுவார்கள், முதல் நாள் இரவு இரண்டு தட்டு லக்சா சாப்பிட்டதை நினைத்து வெட்கமாகிவிட்டது.

பையன் இதையும் எழுதட்டும்: 1953இல் கனடா அரசு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் என்ற பழங்குடிக் குடும்பங்களைக் கொண்டுபோய் இந்த இரண்டு இடங்களிலும் குடியேற்றியது. ஒன்றாக இருப்போம் என்று நினைத்துக் கப்பலேறியவர்களுக்கு, பிரித்து இறக்கப்போகிறார்கள் என்பது கப்பலில்தான் தெரிந்தது. ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

பட்டர்வொர்த்காரன்
பள்ளியில் இருந்த பூகோள உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தானாம். இரண்டு தூரமும் அவன் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது. சுவர்ப் படத்தைக் கழற்றச் சொல்கிறான், அம்மாதான் விடமாட்டேன் என்கிறார், பின்னால் சுவரில் விரிசல் இருக்கிறது.