பயாஸ் அப்டேட் போட்டதுலேர்ந்து எச்டிஎம்ஐ மானிட்டர் தெரியவே மாட்டேங்குது, உபுண்டு 24.04

குடந்தை_அச்சு:
அண்ணன்மாருங்களே ஒரு உதவி. கும்பகோணத்துல சின்னதா பத்திரிகை அடிக்கிற கடை வச்சிருக்கேன். லேப்டாப்புக்கு பக்கத்துல 24 இஞ்ச் மானிட்டர் ஒண்ணை கஸ்டமர் பக்கமா திருப்பி வச்சிருப்பேன், புரூஃப் அதுலதான் காட்டுறது. ஆடி மாசம், கல்யாணம் இல்ல, கை சும்மாதானே இருக்குன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்த ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு (அதான் பயாஸ், லேப்டாப் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற சாஃப்ட்வேர்) போன வாரம் ஓகே கொடுத்துட்டேன். சார்ஜர் சொருகி, பேட்டரியும் ஃபுல்லா வச்சு, கரண்ட் போயிடக்கூடாதேன்னு பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன், கருப்பு ஸ்கிரீன்ல கோடு ஓடுச்சு, தானா ரெண்டு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆச்சு, நல்லபடியாதான் முடிஞ்சுது. ஆனா அன்னிலேர்ந்து மானிட்டர்ல "நோ சிக்னல்"னு வந்து தூங்கிடுது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல லேப்டாப் ஸ்கிரீன் மட்டும்தான் நிக்குது, ரெண்டாவது ஒண்ணு இருக்குற அடையாளமே இல்ல. ஆவணி முகூர்த்தத்துக்கு பத்திரிகை கொடுக்க இப்பதான் கூட்டம் வர ஆரம்பிச்சிருக்கு, ஒரு குடும்பத்துக்கு ஆறு பேர் வந்து லேப்டாப்புக்குள்ள தலையை விட்டு பாக்குறாங்க, என் தோள் மேல எல்லாரும் மூச்சு விடுறாங்க. வழி சொல்லுங்க.

மன்னை_வாசி:
முதல்ல மானிட்டரோட பவர் வயரை பிடுங்கி அஞ்சு நிமிஷம் விட்டு திரும்ப சொருகுங்க. அதே கேபிளை செட்டாப் பாக்ஸ்ல போட்டு பாருங்க, படம் வந்தா மானிட்டரும் கேபிளும் ஓகே. அப்புறம் லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணி, சார்ஜர் உட்பட சொருகியிருக்குற எல்லாத்தையும் எடுத்துட்டு பவர் பட்டனை ஒரு 40 செகண்ட் அழுத்தி புடிங்க. எனக்கு இதே மாதிரி அப்டேட்டுக்கு அப்புறம் டைப் சி வழியா மானிட்டர் வராம போச்சு, இப்படி பண்ணதும்தான் வந்துச்சு. உள்ள இருக்குற சின்ன கன்ட்ரோலர் பழைய நெனப்புலயே மாட்டிக்கிட்டு கிடக்கும், மிச்ச கரண்ட்டையும் வடிச்சாதான் புதுசா எழுந்திருக்கும். உங்க லேப்டாப்ல டைப் சி இருந்தா அதுலயும் ஒரு தடவை போட்டு பாக்கலாமே?

குடந்தை_அச்சு:
எல்லாம் பண்ணியாச்சு அண்ணே. செட்டாப் பாக்ஸ்ல அதே கேபிள்ல சன் டிவி பளிச்சுன்னு ஓடுது. 40 செகண்ட் இல்ல, ஒரு நிமிஷமே அழுத்தினேன், ஒண்ணும் நடக்கல. டைப் சி இருக்கு, ஆனா அது வெறும் டேட்டாவுக்குத்தான், வீடியோ வராதுன்னு மேனுவல்லயே போட்டிருக்கு. நேத்து ஒரு சர்வீஸ் கடையில காட்டுனேன். பையன் கேபிளை சொருகி பாத்தான், "எச்டிஎம்ஐ ஐசி போச்சு, போர்டுல வேலை இருக்கு, 6500 ஆகும்"னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டான். அப்டேட் போட்ட அன்னிக்கே ஐசியும் போகுமா?

மாயூரம்_பெங்குவின்:
கடையில கொடுத்துடாதீங்க. ரெண்டு கேள்வி. ஒண்ணு, உங்க லேப்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கா? ரெண்டு, அதே லேப்டாப்ல விண்டோஸும் வச்சிருக்கீங்களா, இருந்தா அதுல மானிட்டர் வருதா?

குடந்தை_அச்சு:
என்விடியா ஜிடிஎக்ஸ் 1650. விண்டோஸ் இருக்கு, பழைய பேஜ்மேக்கர் ஃபைலுங்களுக்காக வச்சிருக்கேன், ஆறு மாசமா தொறக்கவே இல்ல. இப்ப தொறந்து பாத்தேன்... அட, மானிட்டர் வருது!!! அப்ப 6500?

மாயூரம்_பெங்குவின்:
6500-ஐ பைலயே வைங்க. போர்டு நல்லாத்தான் இருக்கு, பிரச்சனை உபுண்டு பக்கம். இந்த மாதிரி லேப்டாப் நெறையதுல உள் ஸ்கிரீன் இன்டெல் சிப்புல ஓடும், எச்டிஎம்ஐ மட்டும் நேரா என்விடியாவுல போயி சேந்திருக்கும். ஆத்துல தண்ணி ஓடிக்கிட்டுதான் இருக்கு, உங்க வாய்க்காலோட மதகு மூடியிருக்கு, அவ்வளவுதான். என்விடியா டிரைவர் (கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர்) லோடு ஆகலைன்னா லேப்டாப் ஸ்கிரீன் ஜம்முன்னு வேலை செய்யும், மானிட்டர் மட்டும் செத்த மாதிரி இருக்கும்.

இப்ப என்விடியா செட்டிங்ஸை ஓப்பன் பண்ணுங்க, வெறுமையா வந்தா நான் சொல்றது சரி. அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள டிவைஸ் செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்கும், அதுல செக்யூர் பூட் (நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து உள்ள சாஃப்ட்வேரை மட்டும் உள்ள விடுற காவல்) ஆன்ல இருக்கா பாருங்க. சில மாடல்ல ஃபர்ம்வேர் அப்டேட் போட்டா பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனியிலேர்ந்து வந்த நிலைக்கு போயிடும், ஆஃப்ல இருந்த செக்யூர் பூட் சத்தமில்லாம ஆன் ஆயிடும். ஆன் ஆனா, அந்த கையெழுத்து இல்லாத டிரைவரை கர்னல் (உபுண்டுவோட மையப் பகுதி) உள்ள விடாது. விண்டோஸ் டிரைவர்ல மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இருக்கு, அதனால அங்க மானிட்டர் வருது.

குடந்தை_அச்சு:
என்விடியா செட்டிங்ஸ் வெறும் ஜன்னலா வருது, உள்ள ஒண்ணுமே இல்ல. செக்யூர் பூட் ஆன்னு காட்டுது. உபுண்டு போட்டு கொடுத்த அக்கா பையன்கிட்ட போன்ல கேட்டேன், "ஆமா மாமா, அப்ப ஆஃப் பண்ணிட்டுதான் போட்டேன்"னு சொல்றான், இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன. சரி, பயாஸ்ல போயி திரும்ப ஆஃப் பண்ணிடவா?

திருவையாறு_77:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். அவசரப்பட்டு ஆஃப் பண்ணாதீங்க தம்பி. விண்டோஸ் 11-ஆ இருந்தா டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கையே பூட்டி வைக்கிறது) தானாவே ஆன்ல இருக்கலாம், செக்யூர் பூட்டை மாத்தினா அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிக்கும். அந்த கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்தா பரவால்ல, எந்த மெயில்ல அக்கவுன்ட் தொறந்தோம்னே நெனப்பு இல்லாதவங்கதான் நம்மள்ல பாதி பேரு. பேஜ்மேக்கர் ஃபைல் எல்லாம் அங்க மாட்டிக்கும். அதோட ஆஃப் பண்ணி வச்சாலும் அடுத்த அப்டேட்ல திரும்ப ஆன் ஆகும், திரும்ப இங்க வந்து நிப்பீங்க. டிரைவருக்கு கையெழுத்து போடுறதுதான் ஒழுங்கான வழி.

மாயூரம்_பெங்குவின்:
சார் சொல்றது சரி, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். டிரைவர் பேக்கேஜை டெர்மினல்ல ரீஇன்ஸ்டால் பண்ணுங்க (கமாண்டை தனி மெசேஜ்ல போட்டிருக்கேன்), ஜன்னல் வழியா பண்ணா பாஸ்வேர்ட் கேக்குற கட்டம் சில நேரம் வராமலே போயிடும். நடுவுல ஒரு பாஸ்வேர்ட் வைக்க சொல்லும், 8 எழுத்தாவது இருக்கணும், வெறும் நம்பரா வச்சுக்குங்க, ஒரே ஒரு தடவைதான் தேவை. ரீஸ்டார்ட் பண்ணா உபுண்டு வர்றதுக்கு முன்னாடி நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வரும், பயந்துடாதீங்க, விண்டோஸ் நீலம் இல்ல அது. "என்ரோல் மோக்"னு (டிரைவருக்கு கையெழுத்து போட்ட உங்க சொந்த சாவியை லேப்டாப்ல பதியுறது) இருக்குறதுக்கு போயி, கன்டினியூ, எஸ், அதே பாஸ்வேர்ட், ரீபூட். 10 செகண்ட்தான் காத்திருக்கும், அதுக்குள்ள ஏதாவது ஒரு கீயை தட்டலைன்னா அது பாட்டுக்கு தாண்டி போயிடும்.

குடந்தை_அச்சு:
முதல் தடவை கோட்டை விட்டேன். ரீஸ்டார்ட் கொடுத்துட்டு டீ வாங்க வாசலுக்கு போனேன், வந்து பாத்தா லாகின் ஸ்கிரீன்ல நிக்குது. திரும்ப முதல்லேர்ந்து பண்ணி, இந்த தடவை விரலை கீபோர்டு மேலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீலம் வந்துச்சு, பாஸ்வேர்ட் அடிச்சா ஸ்கிரீன்ல நட்சத்திரம் கூட விழல, அடிச்சுதா இல்லையான்னே தெரியாம எட்டு நம்பரையும் எண்ணி எண்ணி அடிச்சேன். ரீபூட் ஆகி லாகின் வர்றதுக்குள்ளயே மானிட்டர் லைட் ஆரஞ்சுலேர்ந்து நீலமா மாறிடுச்சு!! மாயூரத்து அண்ணனுக்கும் திருவையாறு சாருக்கும் கும்புடு, மன்னை அண்ணனுக்கும்தான்.

சாயங்காலமே வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு, 400 பத்திரிகை. புரூஃபை பெரிய ஸ்கிரீன்ல போட்டேன். லேப்டாப்புல பாத்துட்டு நேத்தே எல்லாரும் சரின்னு சொல்லிட்டு போனதுதான். சுவத்தோரம் ஸ்டூல்ல உக்காந்திருந்த பாட்டி அங்கேர்ந்தே படிச்சுட்டு, "ஏம்ப்பா, இவளுக்கு கீழ இன்னும் ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறா, திருநிறைச்செல்வின்னு போட்டிருக்கியே"ன்னு கேட்டாங்க. திருவளர்ச்செல்வின்னு மாத்திட்டேன், நல்லவேளை பிளேட்டுக்கு போகல.