ரிசப்ஷன் இரவில் கம்பி மத்தாப்பு போட்டோ: முகம் கறுப்பா வருது, எழுத்து கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி வருது. உதவி பண்ணுங்க

கேள்வி (காவேரிப்பட்டணம்)

வணக்கம்ங்க. தங்கச்சி கல்யாணம், முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபத்துக்குப் பின்னாடி திறந்தவெளி இருக்கு. பாதி சிமெண்ட் தரை, அதுக்கு அப்புறம் மாந்தோப்பு. அங்க ரெண்டு படம் எடுக்கணும். ஒண்ணு, ரெண்டு பக்கமும் 24 பேர் மத்தாப்பு பிடிக்க, நடுவுல பொண்ணு மாப்பிள்ளை நடந்து வர்றது. இன்னொண்ணு, அவங்க பின்னாடி மத்தாப்பால ரெண்டு பேரோட முதல் எழுத்தை எழுதறது.

ஒத்திகை பார்த்ததுல எஃப் 8 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்ச உணர்திறன்), 6 நொடி (ஷட்டர் திறந்திருக்கற நேரம்) வச்சோம். கோடு அழகா விழுந்தது. ஆனா நின்னவங்க முகம் கறுப்பு, போதாததுக்கு பேய் மாதிரி கலங்கலா இருக்கு. எழுத்தும் கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி வந்தது. பொண்ணு ரிசப்ஷனுக்கு நெட் லெஹங்கா போடறா, அதை நினைச்சாலும் பயமா இருக்கு. என்ன செய்யலாம்?

பதில் 1 (ஓசூர், கல்யாண ஒளிப்படக்காரர்)

முகம் கறுத்ததுக்குக் காரணம், ஆட்கள் மேல விழற வெளிச்சம் பத்தலை. மத்தாப்பு தன் பாதையைத் தானே வரைஞ்சுக்கும், பக்கத்துல நிக்கறவங்களுக்கு அது விளக்கு ஆகாது. கலங்கினதுக்குக் காரணம் 6 நொடி. அவ்வளவு நேரம் துளிக்கூட அசையாம நிக்கறது கஷ்டம்.

எழுத்துப் படத்துக்கு இப்படிப் பண்ணுங்க தம்பி. ட்ரைபாட், ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 3 நொடி. ஃபிளாஷை ரியர் கர்ட்டன்ல (ஷட்டர் மூடப்போற கடைசி நேரத்துல ஃபிளாஷ் அடிக்கற அமைப்பு) வச்சு, 1/8 பவர்ல ஆரம்பிச்சு முகத்தைப் பார்த்து ஏத்தி இறக்குங்க. ஃபிளாஷ் மேல ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித் தாள்) ஒட்டணும். இல்லேன்னா தங்க நிற மத்தாப்புக்கு நடுவுல முகம் மட்டும் நீலம் பாய்ஞ்ச மாதிரி நிக்கும். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 4000 கெல்வின், ராவ் (RAW, பிறகு நிறம் திருத்த வசதியான மூலக் கோப்பு) வடிவத்துல எடுங்க. ஜோடிகிட்ட ஒரே வார்த்தை சொன்னா போதும்: "கடைசியில பளிச்சுனு அடிக்கும், அதுக்கு அப்புறம்தான் அசையணும்."

ஃபோகஸ்: ஒருத்தர் செல்போன் டார்ச்சை பொண்ணு முகத்துல அடிக்கட்டும். ஆட்டோவுல ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க. இருட்டுல கேமரா தேடிட்டே இருந்தா மத்தாப்பு தீர்ந்துடும்.

நேரம்: முழு இருட்டுக்குக் காத்திருக்காதீங்க. சூரியன் மறைஞ்சு 20, 25 நிமிஷத்துல வானம் ஆழ்நீலமா இருக்கும். நடந்து வர்ற படத்தை அப்ப எடுங்க. எழுத்துப் படத்தை இருட்டின பிறகு எடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றிங்கண்ணா. எழுத்து திரும்பினதை எடிட்டிங்ல படத்தையே திருப்பிப் போட்டுட்டா சரியாயிடாதா?

பதில் 1

எழுத்து சரியாகும், பொண்ணு மாறிடுவா. பட்டுப்புடவையா இருந்தா முந்தானை வலது தோளுக்குப் போயிடும். லெஹங்கான்னாலும் துப்பட்டா இடம் மாறும், மாப்பிள்ளை கோட்டு பட்டன் மாறும், பின்னாடி இருக்கற பேனர் எழுத்து திரும்பிடும். வீட்டுப் பெரியவங்க கண்ணுல முதல்ல படறது முந்தானைதான். அதனால எழுதறவரே கேமராவைப் பார்த்து நின்னு, எழுத்தைத் திருப்பி எழுதணும். ஒரு தாள்ல ஸ்கெட்ச் பேனாவால பெருசா எழுதி, தாளைப் பின்பக்கமா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அதுதான் கை போக வேண்டிய வழி. செல்போன் டார்ச்சை வச்சு பத்து தடவை பழகிட்டா மத்தாப்பு வீணாகாது.

'ப', 'ம', 'ர' மாதிரி கையை எடுக்காம எழுதற எழுத்து 3 நொடிக்குள்ள முடியும். 'இ', 'ஜ' மாதிரி சுழி வந்தா 5 நொடி ஆகும், ஜோடி கலங்கும். அதுக்கு பதிலா ஒரு இதயம் வரையலாம், திரும்பினாலும் ஒண்ணுதான்.

எழுதறவர் கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட் போட்டு, ஜோடிக்கு 6 அடி பின்னாடி நிக்கணும். நெருங்கி நின்னா ஃபிளாஷ் வெளிச்சத்துல அவர் முகமும் விழும், பொறியும் லெஹங்கா மேல விழும்.

பதில் 2 (தர்மபுரி, விழா ஏற்பாடு)

நடந்து வர்ற படத்துக்கு நான் சொல்றேன். இதுல சொதப்பறது கேமரா இல்லை, பத்த வைக்கற வரிசை. 24 பேருக்கு ஒரே மெழுகுவத்தி கொடுத்தா, கடைசி ஆள் பத்த வைக்கும்போது முதல் ஆளோடது அணைஞ்சிருக்கும். மத்தாப்பு நுனி தீ பிடிக்கவே ஏழெட்டு நொடி ஆகும். ஆறு பேரை "தீ கொடுக்கறவங்க"ன்னு தனியா நிறுத்துங்க, ஆளுக்கு நாலு பேர். அரை நிமிஷத்துல வரிசை முழுக்க எரியும். அடுப்பு பத்த வைக்கற ஸ்பார்க் லைட்டர் ஆகாது. தீ எழும்பற நீள மூக்கு லைட்டர் வாங்குங்க. காத்துக்கு மெழுகுவத்தி நிக்காது.

கம்பி 50 செ.மீ. நீளத்துல வாங்குங்க. சின்னது சீக்கிரம் தீர்ந்துடும், தீயும் கைக்குக் கிட்ட வந்துடும். எவ்வளவு நேரம் எரியும்ங்கறது பெட்டிக்குப் பெட்டி மாறும். வாங்கினதும் ஒண்ணை எரிச்சு செல்போன்ல நேரம் பாருங்க. கலர் மத்தாப்பு வேணாம், புகை அதிகம். போன தீபாவளிக்கு மிஞ்சின நமத்த பெட்டியும் வேணாம், பாதியில அணையும். காய வைக்கறேன்னு அடுப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது. உரிமம் உள்ள கடையில, சிஎஸ்ஐஆர்-நீரி (மத்திய அரசு ஆய்வு நிறுவனம்) முத்திரை இருக்கற பசுமைப் பட்டாசா பார்த்து வாங்குங்க. அத்திப்பள்ளியில (ஓசூரை ஒட்டின கர்நாடக எல்லை ஊர்) விலை கம்மின்னு பஸ்ல பையில போட்டுட்டு வர்றது சட்டப்படியும் தப்பு, ஆபத்தும் கூட.

வரிசைக்கு நடுவுல 8 அடி வழி விடுங்க, ஆளுக்கு ஆள் 3 அடி. கையை நீட்டி, கம்பியை மேலே தூக்கி, வழிக்கு எதிர்ப்பக்கமா லேசா சாய்ச்சுப் பிடிக்கணும். உள்பக்கம் சாய்ச்சா பொறி பொண்ணு தலையில கொட்டும். படத்துல இடைவெளி தெரியுமேன்னு கவலைப்படாதீங்க. 85 மி.மீ. லென்ஸ் போட்டு தூரத்துல இருந்து எடுத்தா, வரிசையில ஆளுக்கு ஆள் ஒட்டி நிக்கற மாதிரிதான் விழும். 1/100 நொடி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600-ல ஆரம்பிங்க. காத்து பக்கவாட்டுல போற மாதிரி வரிசையை நிறுத்துங்க, புகை லென்ஸ் முன்னாடி தேங்காது. ஜோடி ஒரு தடவை நடந்தா போதும். ரெண்டாவது தடவைக்கு 24 கம்பி தனியா எடுத்து வைங்க.

ரெண்டு மூணு கம்பியைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்த சில பசங்க வருவாங்க. கண்டிப்பா விடாதீங்க. கட்டுக்குள்ள சூடு வெளியேறாம எல்லாம் ஒரே நேரத்துல சீறி எரியும், கையில பிடிச்சிருக்கறவருக்கு விலகக்கூட நேரம் கிடைக்காது.

பதில் 3 (கிருஷ்ணகிரி, தீத்தடுப்புப் பயிற்சியாளர்)

லெஹங்கா பத்தி நீங்க பயப்படறது நியாயம்தான் தம்பி. பட்டு சட்டுனு பிடிக்காது, பிடிச்சாலும் கருகி அடங்கப் பார்க்கும். பாலியஸ்டர் நெட், ஜார்ஜெட் உருகி தோல்ல ஒட்டிக்கும். அடுக்கடுக்கா காத்து இருக்கறதால வேகமாவும் ஏறும். முடிஞ்சா இந்த ரெண்டு படத்துக்கு மட்டும் பட்டுப்புடவை கட்டச் சொல்லுங்க, முந்தானையை மடிச்சு பின் குத்திடுங்க. லெஹங்காதான்னா ஜோடி கையில மத்தாப்பு வேணாம், துப்பட்டாவை எடுத்துடுங்க. ஹேர் ஸ்ப்ரே அடிச்ச உடனே தீ பக்கம் போகக் கூடாது. வரிசையில நிக்கறவங்க காட்டன் வேட்டியை மடிச்சுக் கட்டட்டும், எல்லாரும் செருப்பு போடட்டும்.

இடம்: சிமெண்ட் தரை மட்டும். மாந்தோப்புச் சருகு ஒரு பொறிக்கே பிடிச்சுக்கும், ஓரத்துல 10 அடிக்குச் சருகைக் கூட்டி தண்ணி தெளிச்சுடுங்க. தென்னங்கீத்துப் பந்தல், சாமியானா, ஜெனரேட்டர், சமையல் கட்டு சிலிண்டர் எதுவும் 30 அடிக்குள்ள இருக்கக் கூடாது. மண்டப மேனேஜர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

அணைஞ்ச கம்பியும் நல்லா சுடும். சிவப்பு மறைஞ்ச பிறகும் தோல் வெந்துபோற அளவு சூடு இருக்கும், பார்த்தா தெரியாது. அணைஞ்ச கம்பியைப் போட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மணல் வாளி, கூட ஒவ்வொரு தண்ணி வாளி. பசங்களுக்கு கம்பி கொடுக்காதீங்க. மத்தாப்பு அணைஞ்சதும் கீழ போடறது அவங்கதான், அடுத்தவர் மிதிப்பாங்க.

சுட்டுட்டா குழாய்த் தண்ணிய 20 நிமிஷம் ஓட விடுங்க. வீங்கறதுக்கு முன்னாடி வளையல், மோதிரம் கழட்டுங்க. பேஸ்ட், மஞ்சள், மை எதுவும் தடவ வேணாம். கண்ணுல பொறி பட்டா தேய்க்காம உடனே ஆஸ்பத்திரி, 108.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. மேடையில கோல்டு பைரோ மெஷினும் (cold pyro, பூச்சட்டி மாதிரி பொறியை மேலே பீய்ச்சற கருவி) வைக்கலாம்னு டெகரேஷன்காரர் சொல்றார், வைக்கலாமா?

பதில் 3

தெர்மாகோல் அலங்காரமும் துணித் திரையும் இருக்கற உள்மேடையில வேணாம். பேர்தான் கோல்டு, மெஷின் வாய்க்கிட்ட வர்ற பொறி துணியைப் பொசுக்கும். வெளியில, ஜோடிக்கு 10 அடி தள்ளி, இயக்கத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல நின்னா வைக்கலாம். காலையில முகூர்த்தத்துக்கு வெறுங்காலோட வருவாங்க; ராத்திரியே எரிச்ச கம்பி எல்லாத்தையும் எண்ணிப் பொறுக்கிடுங்க.